மெல்லிசான பின்னல்

என் மகளின் சுருட்டை முடியை ஈரத்தோடு பிரித்து, எண்ணெய் தடவி, மெல்லிசு மெல்லிசாகப் பின்னிவிட எனக்கு நான்கு மணி நேரம் பிடிக்கும். அப்புறம் இரண்டு வாரத்துக்குச் சீப்பே படக்கூடாது. அப்போதுதான் முடி உடையாது. என் நாத்தனாரிடம் இதைப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன்.

குடும்பப் போட்டோ எடுத்த அன்று நான் வேலை முடிந்து வருவதற்குள், அவள் அத்தனை பின்னலையும் அவிழ்த்திருந்தாள். காய்ந்த முடியைச் சீப்பால் இழு இழு என்று இழுத்து, சிக்குப் போகாமல், கடைசியில் ஒட்ட வெட்டிவிட்டாள்.

"குருவிக்கூடு மாதிரி இருந்துச்சு அண்ணி. நான் சரி பண்ணிட்டேன்."

போட்டோவில் எல்லோரும் சிரிக்கிறார்கள். என் மகள் மட்டும் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டிருக்கிறாள்.

அந்தப் போட்டோவை ஐந்து வருடமாகப் பத்திரமாக வைத்திருந்தேன். இப்போது நாத்தனாரின் குழந்தைக்கும் அதே சுருட்டை. சீப்பை எடுத்தாலே வீடு ரெண்டுபடுகிறதாம். போனில் கெஞ்சினாள்.

"அதுக்கென்ன, என் சலூனுக்குக் கூட்டிட்டு வா," என்றேன்.

குழந்தை அம்மா மடியில்தான் அடங்கும். அதனால் அவளும் கண்ணாடிக்கு எதிரே அசையாமல் உட்கார்ந்தாக வேண்டும். அந்தப் போட்டோவைக் கண்ணாடியில், சரியாக அவள் கண்ணுக்கு நேராக ஒட்டிவைத்திருக்கிறேன்.

"இன்னும் எவ்வளவு நேரம் அண்ணி?"

"அவசரப்பட்டா முடி உடைஞ்சிடும்மா."

குழந்தைக்கு ஒரு முடிகூட இழுபடாது. அது என்ன பாவம் பண்ணியது? தடிமனாகப் பின்னினால் முக்கால் மணியில் முடிந்துவிடும்.

நான் மெல்லிசாகத்தான் பின்னுகிறேன்.