கூரையை வெட்டியவர்கள்

தன் அக்காவுக்கு அறுவைச் சிகிச்சை என்று ஒன்பது நாள் ஆஸ்பத்திரியிலேயே கிடந்துவிட்டு, தோளில் பையோடு தெருவுக்குள் நுழைந்தபோதே மிஷினக்காவுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. வழக்கமாக நலம் விசாரிக்கும் எதிர்வீட்டுக்காரி, இன்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

தையல் மிஷின் பழுது பார்ப்பது அவள் தொழில். அதனால் தெருவில் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவள் மிஷினக்காதான். ஊசி ஒரு மயிரிழை பிசகினாலும் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள். அந்தக் காதும் கையும் நாலு வருஷமாக வீட்டை ஒட்டிய ஷெட்டில், ஒரு பழைய ஜீப்பிடம்தான் குடியிருந்தன.

ஜீப் அவளைவிட ஒன்பது வயது மூத்தது. கல்குவாரிக்காரர் ஒருவர் வீட்டுக்கு மிஷின் பார்க்கப் போனவள், கொல்லையில் கிடந்த அதன் பின்சீட்டில் கோழி அடைகாப்பதைக் கண்டாள். கோழியை விட்டுவிட்டு மிச்சத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தாள். அவள் கணவர் மருந்துக்கடைக்காரர், அதிர்ந்து பேசத் தெரியாதவர். "எருமை வாங்கிட்டு வந்திருக்கா. பால்தான் கறக்காது" என்று சொன்னதோடு சரி. அன்றிலிருந்து வீட்டில் அதற்கு எருமை என்றே பெயர் நிலைத்துவிட்டது.

எஞ்சினை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் பூட்டினாள். நாலு சக்கரத்தையும் சேர்த்து இழுக்கும் கியர் பெட்டிக்குப் பல்சக்கரம் தேடியே ஒரு வருஷம் போனது. ஒரு மழைக்காலம் முழுக்க இரும்புக் கூரையில் இருந்த நெளிசல்களை, அடியில் மணல் மூட்டையை அணைகொடுத்து, மரச்சுத்தியலால் தட்டித் தட்டி நிமிர்த்தினாள். கூரை கண்ணாடி மாதிரி படிந்த அன்று, தானே அதன்மேல் கன்னத்தை வைத்துப் பார்த்துக்கொண்டாள். இனி பிரேக்கை ஒருமுறை சோதித்துவிட்டால் சாலையில் இறக்கலாம் என்ற நிலையில்தான் அக்காவிடமிருந்து போன் வந்தது.

இப்போது வாசலில் நின்றது எருமை இல்லை. ஆரஞ்சு நிறத்தில், தரையிலிருந்து அரை ஆள் உயரத்தில், லாரிக்குப் போடுகிற மாதிரி கனத்த டயர்களோடு என்னவோ ஒன்று நின்றது. முகப்பில் வரிசையாக எட்டு விளக்கு. கதவில் சீறும் புலிப் படம். தலைக்கு மேலே வெறும் வானம்.

கூரை இல்லை.

"அண்ணி! எப்படி?" என்று கையை விரித்துக்கொண்டு வந்தான் கொழுந்தன். கார் அலங்காரக் கடை வைத்திருக்கிறான். அவன் தொட்டதெல்லாம் மின்னும் என்பதால் ஊரே அவனைப் பளபளா என்றுதான் கூப்பிடும். "ஒன்பது நாள், ராப்பகலா நம்ம பசங்க நாலு பேரு. அண்ணன்தான் சொன்னாரு, அவ வர்றதுக்குள்ள முடிச்சிடுன்னு."

பின்னால் மருந்துக்கடைக்காரர் வெட்கமும் பெருமையுமாக நின்றிருந்தார். கையில் ரிப்பன் கட்டிய சாவி. பின்சீட்டில் அவர்களுடைய மகளும் பளபளாவின் இரண்டு பெண்களும் ஏறி உட்கார்ந்து கைதட்டினார்கள்.

மிஷினக்கா பையைக் கீழே வைத்தாள். "கூரை எங்க?"

"இப்பல்லாம் திறந்த வண்டிதான் அண்ணி ஸ்டைலு. அறுத்து எடுத்தாச்சு."

"அறுத்தது தெரியுது. எங்கேன்னு கேட்டேன்."

"பழைய இரும்புக்கடையில போட்டாச்சு. விடுங்க அண்ணி, அந்தத் துருப்பிடிச்ச..."

"துரு எங்க இருந்துச்சு? ஒரு புள்ளி காட்டு பார்ப்போம்."

அவன் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் சாவியைப் பார்த்தார்.

அவள் உடனே கத்தவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மண்ணில் முழங்காலிட்டு வண்டிக்கு அடியில் குனிந்தாள். அச்சுக்கும் பட்டை ஸ்பிரிங்குக்கும் நடுவே கட்டை இரும்புகளைச் செருகி வண்டியைத் தூக்கியிருந்தார்கள். தூக்கியவர்கள் அதோடு நிறுத்திவிட்டார்கள். அடிச்சட்டமான சேசிஸிலிருந்து பின்அச்சுக்கு இறங்கும் ரப்பர் பிரேக் குழாய், புது உயரத்துக்கு நீளம் போதாமல் கொடிக்கயிறு மாதிரி விறைத்து நின்றது.

"இதை ஓட்டினீங்களா?"

"காலையில தெருவை ரெண்டு சுத்து சுத்தினோம். சாயங்காலம் ஆத்தோர மேட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு பிள்ளைங்களுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்" என்றான் பளபளா.

"பிள்ளைங்கள வச்சா சுத்தினே?"

"ஆமா. ஏன்?"

அவள் முகம் மாறியதைப் பார்த்து வாசற்படியில் உட்கார்ந்திருந்த மாமியார் எழுந்தே விட்டார்.

"இறங்குங்க. மூணு பேரும் இறங்குங்க!"

அந்தக் குரலுக்குப் பிள்ளைகள் குதித்து இறங்கிப் பாட்டியின் பின்னால் ஒட்டிக்கொண்டார்கள். அவள் ஷெட்டிலிருந்து ஜாக்கியை இழுத்து வந்தாள். முன்சக்கரங்களுக்குக் கல்லைக் கொடுத்துவிட்டு, பின்பக்கத்தில் சேசிஸுக்கு அடியில் ஜாக்கியை வைத்து ஏற்றத் தொடங்கினாள். பளபளா உதவிக்குக் குனிந்தான். "கையை எடு" என்றாள். எடுத்துவிட்டான்.

வண்டி மேலே போகப் போக, பின்சக்கரங்கள் தரையை விடாமல் கீழே தொங்கின. குழியில் இறங்கும்போது அப்படித்தான் தொங்கும். ஜாக்கிக் கம்பியை எட்டாவது முறை அழுத்தியதும் டப்பென்று ஒரு சத்தம். குழாய் பிய்த்துக்கொண்டு பிரேக் ஆயில் புதுப் பெயின்ட்டில் வாரி அடித்தது.

"மிதி" என்றாள். "உட்கார்ந்து பிரேக்க மிதி."

பளபளா ஏறி மிதித்தான். கால் தடையில்லாமல் தரைவரை போனது.

"இந்தக் காலத்து வண்டி இல்ல இது. இதுல பிரேக் ஆயிலுக்கு ஒரே வழிதான். ஒரு குழாய் போனா நாலு சக்கரத்துக்கும் பிரேக் கிடையாது. சாயங்காலம் மேட்டுல ஏத்தியிருந்தா, இறங்கையில அந்த மூணும் எங்க போயிருக்கும்? சொல்லு. வாய்தான் வண்டி வண்டியா பேசுமே, இப்ப பேசு!"

பளபளா தன் சின்ன மகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏம்மா, அவன் தெரியாமத்தானே..." என்று மருந்துக்கடைக்காரர் ஆரம்பித்தார். ஆரம்பித்திருக்கவே கூடாது.

"அவனுக்குத் தெரியாது. உங்களுக்கு? நாலு வருஷமா பக்கத்துலதானே இருக்கீங்க?"

"நாலு வருஷமா முடியாம கிடக்குதேன்னுதான். பார்க்கிறவன் எல்லாம் கேக்கிறான். நீயும் கையெல்லாம் காயமா வந்து படுக்கிறே. நானாவது முடிச்சுக் குடுத்தா சந்தோஷப்படுவேன்னு நினைச்சேன்."

"முடிச்சுக் குடுன்னு உன்கிட்ட நான் கேட்டேனா?"

உன்கிட்ட. பதினாறு வருஷத்தில் அந்த வாய் அவரை ஒருமையில் கூப்பிட்டதில்லை. சொன்ன அவளுக்கே காது சுட்டது. ஆனாலும் நிறுத்தவில்லை.

"உன் கடையில மருந்து அடுக்கி வச்சிருக்கியே, நீ ஊருக்குப் போன நேரத்துல நான் போய் அழகா இருக்கட்டும்னு நிறம் நிறமா மாத்தி அடுக்கட்டுமா? இது கிடக்கல. நான் செஞ்சுக்கிட்டு இருந்தேன். கிடக்கிறதுக்கும் செய்யறதுக்கும் வித்தியாசம் தெரியாத ஆளோடயா இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினேன்?"

மாமியார் குறுக்கே வருவார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். வந்தார். "நான் அப்பவே தலைபாடா அடிச்சுக்கிட்டேன், அவ வரட்டும், கேட்டுட்டுச் செய்ங்கடான்னு. ரெண்டு தடிப்பயலும் கேட்டீங்களாடா?" என்று மகன்கள் பக்கம் திரும்பிவிட்டார்.

அன்றே மிஷினக்கா ஆட்டோ பிடித்துப் பழைய இரும்புக்கடைக்குப் போனாள். மருந்துக்கடைக்காரரும் பின்னாலேயே ஓடி வந்து, டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டார். இரும்புக்கடைக்காரர் காதைச் சொறிந்தார். "அந்தக் கூரையா? நாலு துண்டாப் போட்டு நேத்துத்தான் லோடு ஏத்தினேன். இந்நேரம் உருகியிருக்கும்கா."

வண்டியிலிருந்து கழற்றிப் போட்டிருந்த பழைய பம்பரும் ஸ்பிரிங் கிளாம்புகளும் மட்டும் குவியலுக்கு அடியில் கிடைத்தன. கணவரே கைவிட்டு இழுத்தார். உள்ளங்கை கிழிந்தது. அவள் பார்த்தாள். கிளாம்புகளை எண்ணிக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து மறுபடி முதலிலிருந்து. கட்டை இரும்புகளைக் கழற்றினாள். குழாய்களை எல்லாம் புதிதாகக் கோத்தாள். எட்டு விளக்கையும் திருகாணி ஒன்று குறையாமல் பெட்டியில் போட்டுப் பளபளாவின் கடையில் வைத்துவிட்டு வந்தாள். அவன் "அண்ணி, மன்னிச்சிடுங்க" என்றான். "உன் பொண்ணுங்ககிட்ட கேளு" என்றாள். ஆரஞ்சைச் சுரண்டுவதற்கு மருந்துக்கடைக்காரர் ஞாயிற்றுக்கிழமைகளில் உப்புத்தாளோடு வந்து நின்றார். அவள் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வாங்க என்றும் சொல்லவில்லை. அவர் பாட்டுக்குப் புலியை வாலிலிருந்து தேய்க்கத் தொடங்கினார். தேவைக்கு மேல் ஒரு சொல் அவரிடம் அவள் பேசவில்லை. ஆனால் பழையபடி "ங்க" போட்டுத்தான் பேசினாள்.

மூன்றாம் மாதம் ஒரு விடியற்காலை, யாரிடமும் சொல்லாமல் ஷெட்டைத் திறந்து தனியாக ஆத்தோர மேட்டுக்கு வண்டியை எடுத்தாள். எட்டு மணிக்குத் திரும்பியபோது வண்டியும் அவளும் சேற்றுக் குளியல். வாசலில் அவர் கடைச்சாவியைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"எப்படி இருந்துச்சு?" என்றார் மெதுவாக.

சொல்லக்கூடாது என்றுதான் இருந்தாள். ஆனால் எப்படிச் சொல்லாமல் இருப்பது? ரெண்டாவது வளைவில் மண் சரிந்ததை, சின்னக் கியரைப் போட்டதும் நாலு சக்கரமும் நகம் ஊன்றின மாதிரி பிடித்ததை, உச்சியிலிருந்து இறங்கும்போது பிரேக்கை மிதித்ததும் வண்டி வெண்ணெய் மாதிரி நின்றதை, கையை ஆட்டி ஆட்டிக் கால் மணி நேரம் சொன்னாள். அவர் கடை திறக்கும் நேரம் தாண்டியும் நின்று கேட்டார்.

சொல்லி முடித்ததும் அவளுக்கு மறுபடி முகம் இறுகியது. "கூரை இருந்திருந்தா தலையில இவ்வளவு சேறு விழுந்திருக்காது."

"ஆமா" என்றார் அவர்.

வேறெதுவும் சொல்லியிருந்தால் அன்றைக்கும் ஒரு சண்டை நடந்திருக்கும். அவள் தலையைக் கழுவ உள்ளே போனாள்.