வேற கிருமிதானே

கிருமிகளை வளர்த்துப் பார்க்கும் வேலையில் பதினோரு வருஷம் பழம் தின்று கொட்டை போட்டவள் அவள். ஆஸ்பத்திரி முழுக்க 'லேப் அக்கா' என்றுதான் பேச்சு. அவள் சொல்லிவிட்டால் டாக்டர்களே மறுபேச்சுப் பேசமாட்டார்கள்.

ஐ.சி.யு. நாலாம் படுக்கைக்காரரின் சிறுநீரில் கிளெப்சியெல்லா என்ற கிருமி வளர்ந்தது. கிருமி வளர்க்கும் தட்டில் வைத்த எந்த மருந்து வில்லைக்கும் அது அசைந்துகொடுக்கவில்லை. அவரைத் தனி அறைக்கு மாற்றினார்கள். பத்து நாள் கழித்து ஆறாம் படுக்கைப் பெண்ணிடம் ஈ.கோலை கிருமி. அதுவும் அதே மருந்துகளுக்குப் பெப்பே காட்டியது.

பொறுப்பு நர்ஸ் ஃபோன் பண்ணினாள். "அக்கா, நாலுலேர்ந்து இவங்களுக்குத் தொத்திக்கிச்சா? இவங்களையும் தனியா மாத்திடவா?"

மணி நாலரை. கையுறையைக் கழற்றியாயிற்று. ஏதோ உறுத்தத்தான் செய்தது. எதிர்ப்பு மரபணுக்களைச் சுமக்கும் பிளாஸ்மிட் என்ற குட்டி வளையத்தை ஒரு கிருமி இன்னொரு இனக் கிருமிக்கும் கைமாற்றிவிடும் என்பது அவளுக்குத் தெரியாத சங்கதியா என்ன?

"அது வேற கிருமி, இது வேற கிருமிம்மா. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்ல," என்று ஃபோனை வைத்தாள்.

மூன்றாவது வாரம், ஏழாம் படுக்கையில் பித்தப்பை ஆபரேஷன் முடிந்து தேறிக்கொண்டிருந்த தையல்காரருக்குக் குளிர்காய்ச்சல். ரத்தத்தில் அதே ஈ.கோலை. ஐந்தாம் நாள் இறந்துபோனார். நர்ஸ் சரியாகக் கை கழுவவில்லை என்று பழி போட்டு, அவளை மருந்துக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். மரபணுச் சோதனைக்கு வெளி லேபுக்கு அனுப்பிய மாதிரிகளின் முடிவு பிறகுதான் வந்தது: மூன்று பேரிடமும் ஒரே பிளாஸ்மிட்.

அன்றிரவு லேப் அக்கா வீட்டில் எல்லாவற்றையும் சொன்னாள். விஷயத்தைக் கேட்ட கணவர், "யாரும் உன்னைக் கேக்கலையே. நீயா ஏன் வாயைக் குடுத்து மாட்டிக்கிற?" என்றார்.

மறுநாள் காலையில் தலைமை டாக்டர் முன்னால் நின்றாள். "தனியா மாத்திடவான்னு அந்தப் பொண்ணு கேட்டா, சார். வேண்டாம்னு ஆக்குனது நான்."

"ஃபோன்ல சொன்னதுதானே, எழுத்துல எதுவும் இல்லையே?"

"அதான் எழுதிக் கொண்டுவந்திருக்கேன்."

கிடங்கில் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்த நர்ஸ் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நீங்க சொன்னதை விசாரணையில சொன்னேன்க்கா. லேப் அக்கா அப்படிச் சொல்லியிருக்கவே மாட்டாங்கன்னுட்டாங்க. உங்களைக் கூப்பிட்டுக் கேக்கக்கூட இல்ல."

"மன்னிச்சிடும்மா."

"அந்தப் பெட்டியைக் கொஞ்சம் நகர்த்துங்க," என்றாள் நர்ஸ்.

அடுத்த வாரம் நர்ஸைத் திரும்ப வார்டுக்கே போட்டார்கள். தையல்காரரின் மனைவிக்கு விஷயத்தைச் சொல்லப் போன டாக்டரோடு இவளும் போனாள். அந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு இவளைத்தான் பார்த்தாள்.

"அன்னிக்கே மாத்தியிருந்தா அவர் பிழைச்சிருப்பாரா?"

டாக்டர் தொண்டையைச் செருமினார். இவள் முந்திக்கொண்டாள்.

"பிழைச்சிருக்கலாம்மா."