மூன்று மில்லுக்கு ஒரு கூண்டு

கீரப்பாளையம், புவனகிரி, சேத்தியாத்தோப்பு ஆகிய மூன்று ஊர் ரைஸ் மில் முதலாளிகளும் பங்கு போட்டு ஒரே ஒரு இரும்புக் கூண்டு செய்து வைத்திருந்தார்கள். ஓடுகிற பெல்ட்டில் ஆள் சிக்காமல் இருக்க அதை மாட்டவேண்டும் என்பது சட்டம். கடலூரிலிருந்து வரும் பாக்டரி இன்ஸ்பெக்டர், தேதியை முன்கூட்டியே எழுதிவிட்டுத்தான் வருவார். அவர் எந்த ஊருக்கு வருகிறாரோ, அந்த ஊருக்கு முதல்நாளே கூண்டு லாரியில் வந்து இறங்கிவிடும். சட்டத்தின்மேல் அவ்வளவு மரியாதை!

அறுபத்து நாலு தை மாதம், கூண்டு புவனகிரியில் இருந்தபோது, நாங்கள் இருவரும் வேலை பார்த்த கீரப்பாளையம் மில்லில் என் பெண்சாதி சௌந்தரத்தின் முந்தானையைப் பெல்ட் இழுத்துவிட்டது. வலது கை முழங்கைக்கு மேலே போயிற்று. சிதம்பரம் ஆஸ்பத்திரியில் உயிரை மட்டும் மீட்டுக் கொடுத்தார்கள்.

விசாரிக்க இன்ஸ்பெக்டர் வந்தார், வழக்கம்போல் சொல்லிவிட்டு. முதல்நாள் கூண்டை மாட்டச் சொன்னது என்னைத்தான். வயிற்றெரிச்சலோடு மாட்டினேன். ஆனால் முதலாளி நடனசபாபதி பக்கத்தில் நிற்கும்போதே இன்ஸ்பெக்டரிடம் சொல்லிவிட்டேன்.

"ஐயா, இந்தக் கூண்டு நேத்துதான் வந்துது. மாட்டுனவனே நான்தான்."

அவர் கோபப்படவில்லை. சிரித்தார்.

"என்னப்பா, மொதலாளிங்கள மிரட்டுனா மில்ல மூடிட்டுப் போயிடுவாங்க. கவர்மெண்டு அவுங்கள தட்டிக் குடுத்துதான் வேலை வாங்கணும்."

தட்டிக் கொடுத்தார்கள். கூண்டு இருந்தது, இவள்தான் உள்ளே கையை விட்டாள் என்று அறிக்கை போயிற்று. நஷ்டஈடு கிடையாது. ஆடி மாதம், சட்டத்தை மதித்து நடக்கும் ஆலை என்று எங்கள் முதலாளிக்குக் கடலூரில் வெள்ளிக் கேடயம் கொடுத்தார்கள். மேடையில் கூண்டும் பச்சை பெயிண்ட் அடித்துக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. கைதட்ட ஆள் வேண்டுமென்று எங்களையும் லாரியில் ஏற்றிப் போயிருந்தார்கள். முதலாளி கண்ணில் பட்டால் கூட்டிப் பெருக்கும் வேலையாவது கிடைக்குமென்று சௌந்தரமும் வந்திருந்தாள். அவர் இவள் பக்கம் திரும்பவே இல்லை.

மறுநாள் இன்ஸ்பெக்டர் சேத்தியாத்தோப்புக்கு வருகிறார். அதனால் திரும்பும்போது எங்கள் லாரியிலேயே கூண்டையும் ஏற்றினார்கள்.

"பாத்து ஒக்காருங்க, பெயிண்டு போயிடப் போவுது" என்றார் மேஸ்திரி கொளஞ்சி.

வேறு இடமில்லாமல் சௌந்தரம் கூண்டை ஒட்டி உட்கார்ந்தாள். லாரி குலுங்கும்போதெல்லாம் இருக்கிற ஒரு கையால் அதன் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். சிதம்பரம் தாண்டியதும் என்னைப் பார்த்தாள்.

"நல்லா கெட்டியாத்தான் மாமா செஞ்சிருக்காங்க."

கீரப்பாளையம் வந்தது. நாங்கள் இறங்கினோம். கூண்டு இறங்கவில்லை.