டபுள் போதும், சாய்மி

“முட்டியை மடி!”

அரங்கத்தின் எல்லா ஒலிபெருக்கிகளும் ஒரே நேரத்தில் அதட்டின. நடுவர் மேசையில் உட்கார்ந்திருந்த நான் என்னை அறியாமல் மேசைக்கடியில் முட்டியை மடித்துவிட்டேன். பக்கத்து நாற்காலி சிர்க்கா பேனாவை நழுவவிட்டாள். அது தடுப்புச்சுவர் வரை உருண்டு போனது.

பனித்தளத்தின் நடுவில் சாய்மி ரவுத்தவோரி தன் பனிச்சறுக்கு ஆட்டத்தைத் தொடங்கிவிட்டாள். அவளுடைய இசை அக்கார்டியனில் வாசித்த ஒரு டாங்கோ. நாங்கள் பின்லாந்துக்காரர்கள் பாத்திரம் கழுவும்போதுகூட முணுமுணுக்கிற வகை. அந்த டாங்கோவின் தலைமேல் ஒரு பெண்ணின் குரல் ஏறி உட்கார்ந்திருந்தது.

“தோளை இறக்கு. மூச்சு. மூச்சை விடுடி, செத்துறாத.”

அரங்கமே சிரித்தது.

அந்தக் குரல் எங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சாய்மியின் பயிற்சியாளர் மர்யுத். சிறுமியாக இருந்த நாளிலிருந்து அவளுக்குச் சொல்லிக்கொடுப்பவள். பயிற்சிக்காக இசையின் மேல் தன் குரலைப் பதிவுசெய்து வைத்துக்கொள்வது பல பயிற்சியாளர்களின் வழக்கம். தினமும் குளிரில் நின்று கத்தினால் தொண்டை என்னாவது? பதிவு கத்தட்டும், நாம் காபி குடிக்கலாம் என்று விட்டுவிடுவார்கள். அந்தப் பயிற்சிப் பதிவுதான் இன்று தேசியப் போட்டியில் ஒலித்துக்கொண்டிருந்தது.

தடுப்புச்சுவர் ஓரம் நின்றிருந்த மர்யுத்தின் முகம் பனியைவிட வெளுத்தது. அடுத்த கணம் இசை போடுகிற அறையைப் பார்த்து ஓட்டமெடுத்தாள்.

என் இடப்பக்கம் தலைமை நடுவர் ஆர்னோவின் கை விசிலுக்குப் போனது. ஆனால் ஊதவில்லை. இசையில் கோளாறு என்றால், ஆடுபவள்தான் தொடக்கத்திலேயே நிறுத்தி, அவரிடம் வந்து சொல்ல வேண்டும். சொன்னால் சரியான இசையோடு முதலிலிருந்து ஆடலாம். அந்தச் சில நொடிகளைத் தாண்டிவிட்டால் வாய்ப்பு போனதுதான். இசையில் பேச்சோ பாட்டோ வரக்கூடாது என்ற பழைய தடையும் இப்போது இல்லை.

“வா பொண்ணே, வா. வந்து சொல்லு,” என்று ஆர்னோ பல்லுக்குள் முணுமுணுத்தார்.

சாய்மி வரவில்லை. எங்களை உரசிக்கொண்டு போகிற மாதிரி வந்து, ஒரு வளைவு வளைந்து விலகிப்போனாள்.

உலகப் போட்டிக்கு எங்கள் நாட்டிலிருந்து இந்த வருஷம் ஒரே ஒரு பெண்தான் போக முடியும். இங்கே முதலிடம் பிடிப்பவள் போவாள். டில்டா சந்தெலின் சற்றுமுன் ஒரு சின்னப் பிழைகூட இல்லாமல் ஆடிவிட்டு, முதலிடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பதினேழு வயது, இன்னும் எத்தனையோ வருஷம் கிடக்கிறது. சாய்மிக்கு இருபத்தைந்து. ஒருமுறைகூட உலகப் போட்டிக்குப் போனதில்லை. இந்தப் போட்டிப் பருவம் முடிந்ததும் ஸ்கேட்ஸைக் கழற்றிவிடுவதாக ஏற்கெனவே சொல்லிவிட்டாள்.

அவளுக்குப் பல வருஷமாக மதிப்பெண் போட்டிருக்கிறேன். தாவல்கள் சுத்தமாக இருக்கும். இசைக்கு வரும்போதுதான் சிக்கல். ஒவ்வொரு அசைவும் அரை நொடி பின்தங்கி வரும், யாரிடமோ உத்தரவு கேட்டுவிட்டுக் கையைத் தூக்குகிற மாதிரி. ஒவ்வொரு தாளத்துக்கும் கால் வைத்துவிட்டால் இசையை ஆடியதாக ஆகிவிடாது. இசை மூச்சு வாங்குகிற இடத்தில் ஆடுபவளும் மூச்சு வாங்க வேண்டும். அது சாய்மிக்கு வந்ததே இல்லை. என் விரல் அவளுக்கு எப்போதும் பத்துக்கு ஏழில்தான் போய் நிற்கும்.

“இப்போ சிரி,” என்றது ஒலிபெருக்கி.

சாய்மி முகத்தைச் சுளித்தாள்.

நான் நாற்காலியில் நிமிர்ந்தேன். வாரநாட்களில் நான் பல் மருத்துவர். வாயைத் திறக்கும் முன்பே முகத்தைப் பார்த்து எங்கே வலி என்று சொல்கிற தொழில். அந்தச் சுளிப்பு நடிப்பு இல்லை.

“கையை நீட்டு. அழகா நீட்டு.”

நீட்ட வேண்டிய கையை வெடுக்கென்று இழுத்து இடுப்பில் வைத்தாள். அது அக்கார்டியனின் அடி விழுந்த அதே கணம். சிரித்துக்கொண்டிருந்தவர்களில் பாதிப்பேர் அடங்கினார்கள். அடுத்து அக்கார்டியன் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது.

“அவசரப்படாத, எண்ணு, எண்ணு,” என்றது குரல்.

அவள் எண்ணவில்லை. ஒற்றைக் காலில் சாய்ந்து, அந்தச் சுரம் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளத்துக்கு ஒரே கோடாக இழுத்துக்கொண்டு போனாள். சுரம் அறுந்தபோது அவள் உடம்பும் வெட்டித் திரும்பியது. எனக்குப் புல்லரித்தது. டாங்கோ என்றால் இரண்டு பேர் போடுகிற சண்டை. இத்தனை நாளும் அவள் தனியாக, யாரோடும் சண்டை இல்லாமல் ஆடிக்கொண்டிருந்தாள். இன்று சண்டைக்கு ஆள் கிடைத்துவிட்டது.

இன்னொன்றையும் கவனித்தேன். சுழற்சிகளைத் தவிர, ஒரு தடவைகூட அவள் எங்களுக்கு முதுகைக் காட்டவில்லை. எதிர்ப்பக்கம் போகும்போதெல்லாம் பின்னோக்கியே சறுக்கி, கண்ணை எங்கள் மேலேயே வைத்திருந்தாள். அதிகாரத்தை நேருக்கு நேர் பார்க்கும் துணிச்சல், அருமையான அமைப்பு என்று குறிப்பு எழுதிக்கொண்டேன்.

கடைசித் தாவல் வந்தது. மூன்று சுற்றுச் சுற்றி இறங்க வேண்டிய ட்ரிபிள் லுட்ஸ். டில்டாவை முந்த வேண்டுமானால் அது கட்டாயம் வேண்டும். இந்தப் பருவம் முழுக்கச் சாய்மி அந்த இடத்துக்கு வந்ததும் பின்வாங்கி, இரண்டு சுற்றோடு இறங்கிவிடுவாள்.

நீண்ட வளைவில் பின்னோக்கிச் சறுக்கினாள். ஒலிபெருக்கியில் மர்யுத்தின் குரல் தணிந்தது, கெஞ்சுகிற மாதிரி.

“டபுள் போதும், சாய்மி. பயமா இருந்தா டபுள் போதும். விழாம வா.”

சாய்மியின் வாய் அசைந்ததைப் பார்த்தேன். ஒரே ஒரு வார்த்தை. என்னவென்று தெரியவில்லை, ஆனால் அவள் அம்மா முன்னால் சொல்லியிருக்க மாட்டாள். கால்நுனியால் பனியைக் குத்தினாள். எழும்பினாள். ஒன்று, இரண்டு, மூன்று. அக்கார்டியனின் கடைசி அடியும் அவள் ஸ்கேட்டும் ஒன்றாக இறங்கின.

எழுந்து நிற்க நடுவர்களுக்கு அனுமதி இல்லை. நான் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். மூவாயிரம் பேர் எங்களுக்கும் சேர்த்து எழுந்து கத்தினார்கள். என் விரல் ஏழைத் தாண்டி, எட்டைத் தாண்டி, ஒன்பதரையில் போய் நின்றது.

“எவ்வளவு போட்ட?” என்றாள் சிர்க்கா, உதட்டை அசைக்காமல்.

“கேக்கக் கூடாது.”

“கேக்கவே வேணாம். கண்ணைத் துடை, கேமரா உன் பக்கம் வருது.”

பலகையில் முடிவு வந்தது. சாய்மி முதலிடம். வித்தியாசம் ஒரு மயிரிழை. பயிற்சியாளர் இல்லாத பெஞ்சில் தனியாக உட்கார்ந்து, யாரோ எறிந்த கரடி பொம்மையில் முகத்தைப் புதைத்து அழுதுகொண்டிருந்தாள்.

முடிவு உறுதியாகவில்லை என்று அறிவிப்பு வந்தபோது எனக்கு ஆச்சரியம் இல்லை. டில்டாவின் பயிற்சியாளர் கௌகோ அதற்குள் ஆர்னோவின் அறைக்குள் போய்விட்டிருந்தார். ஆர்னோ நடுவர்களையும் உள்ளே கூப்பிட்டார். மர்யுத் அங்கே ஒரு மூலையில், கழற்ற மறந்த தொப்பியோடு நின்றுகொண்டிருந்தாள்.

“ஃபோன்ல ரெண்டு பதிவும் பக்கத்துல பக்கத்துல இருந்துச்சு,” என்றாள். “தப்பானதை அனுப்பிட்டேன். என் மேல நடவடிக்கை எடுங்க. அவளை விட்டுருங்க.”

“தப்பா அனுப்பினீங்க, நம்பறேன்,” என்றார் கௌகோ. “பதிவு மாறினது தப்பு. அது ஓடும்போது நிக்காம ஆடினது திட்டம். ஆட்டத்துக்கு நடுவுல பயிற்சியாளர் ஒவ்வொண்ணா சொல்லிக்கொடுத்தா அதுக்குப் பேர் இசையா, ஆர்னோ? நானும் டில்டா காதுல ஓதியிருப்பேனே.”

“நீ ஓதினா அவ தூங்கிருப்பா,” என்றாள் மர்யுத்.

“மர்யுத், நீங்க வாயைத் திறக்கக் கூடாது,” என்றார் ஆர்னோ. “இன்னிக்கு ஏற்கெனவே நெறைய பேசிட்டீங்க.”

சிர்க்கா சிரிப்பை இருமலாக மாற்றினாள். ஆர்னோ கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“விஷயம் இவ்வளவுதான். பதிவு மாறினது தெரியாம அவ ஆடியிருந்தா, மார்க் நிக்கும், அவ போவா. தெரிஞ்சே என்கிட்ட வராம, வேணும்னே அந்தக் குரலை வெச்சு ஆடியிருந்தா, ரத்து. டில்டா போவா.”

“மூவாயிரம் பேருக்குக் கேட்டது அவளுக்கு மட்டும் கேக்கலையாக்கும்,” என்றார் கௌகோ.

ஒன்பதரை போட்ட நான் என் குறிப்புத் தாளைப் பார்த்தேன். அந்தக் குரலை எதிர்த்து அவள் ஆடினாள் என்பதற்காகத்தானே அந்த மதிப்பெண்ணையே போட்டேன்? கேட்காமல் எப்படி எதிர்க்க முடியும்?

சாய்மியை நேராகப் பெஞ்சிலிருந்து அழைத்துவந்தார்கள். ஸ்கேட்ஸுக்கு உறை மாட்டி, தோளில் ஜாக்கெட்டைப் போர்த்திக்கொண்டு, கரடி பொம்மையோடு சிரித்துக்கொண்டே உள்ளே வந்தாள். எங்கள் முகங்களைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

“உக்காரு,” என்றார் ஆர்னோ. “ஒரே ஒரு கேள்வி. யோசிச்சுப் பதில் சொல்லு. ஆடும்போது மர்யுத்தோட குரல் உனக்குக் கேட்டுச்சா?”

மர்யுத் கண்ணை மூடிக்கொண்டாள்.

“கேட்டுச்சு,” என்றாள் சாய்மி.

கௌகோ நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். ஆர்னோவின் தோள்கள் இறங்கின.

“முழுசாவா?”

“முதல்லேருந்து கடைசி வரைக்கும். முட்டியை மடி, சிரி, எண்ணு, எல்லாம்.”

“அப்போ ஏன் என்கிட்ட வரல? விதி உனக்குத் தெரியாதா?”

“எதுக்கு வரணும்?” அவள் குழப்பமாக மர்யுத்தைப் பார்த்தாள்.

“கூட்டம் சிரிச்சுதேம்மா,” என்றேன் நான், பொறுக்க முடியாமல். “ஏன் சிரிச்சாங்கன்னு நெனச்ச?”

அவள் காது சிவந்தது. “முதுகுல ஜிப் அவுந்துருச்சுன்னு நெனச்சேன். அதான் கடைசி வரைக்கும் உங்க பக்கம் முதுகைத் திருப்பவே இல்ல.”

நான் என் குறிப்புத் தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

“ஜிப்பை விடு,” என்றார் கௌகோ. “குரல் கேட்டுச்சுன்னு நீயே சொல்லிட்ட. கேட்டும் ஆடின.”

“கேட்டுச்சுதான். எல்லாப் போட்டியிலயும் எனக்கு அது கேக்கும். தூங்கும்போதும் கேக்கும், பஸ்ல போகும்போதும் கேக்கும்.” சாய்மி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். “இன்னிக்குத்தான் முதல் தடவையா, போடின்னுட்டு ஆடினேன்.”

கௌகோ சாய்விலிருந்து நிமிர்ந்தார். அவள் மர்யுத்தைப் பார்த்தாள், பிறகு ஆர்னோவைப் பார்த்தாள். கரடி பொம்மையைப் பிடித்திருந்த கை மெல்லத் தளர்ந்தது.

“ஏன், உங்களுக்கும் கேட்டுச்சா?”