ஆற்றைக் கடந்த கல்யாணச் சாப்பாடு

மூன்றாம் நாள் காலை மழை விட்டபோது வீட்டுக்குள் தண்ணீர் வடிந்து, சேறு மட்டும் கணுக்கால் அளவுக்குக் கிடந்தது. மோகனா அரிசி டின்னைத் திறந்தாள். புளித்த வாடை மூக்கில் ஏறியது. வெள்ளம் வராமல் இருந்திருந்தாலும் அதில் இரண்டு வேளைக்குத்தான் அரிசி இருந்திருக்கும். மாதக் கடைசி. மலேசியாவில், ரெம்பியா ஊரிலிருந்து உள்ளே தள்ளி, எண்ணெய் எடுக்கும் அந்தச் செம்பனைத் தோட்டத்தில் மிஞ்சியிருந்த ஐந்து வீடுகளிலும் அதே நிலைமைதான். மழை பெய்தால் குலை வெட்டு இல்லை, வெட்டு இல்லாத நாளுக்குக் கூலி இல்லை. அந்த டிசம்பர் முழுக்க மழை.

"அம்மா, பசியாறலயா?" என்று கேட்டாள் மகள் ஷாமினி. ஆறு வயது. அழவில்லை. தினமும் காலையில் கேட்கிற அதே குரலில்தான் கேட்டாள். மோகனாவுக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

முதல் நாள் பச்சைப் பப்பாளியை வேகவைத்துத் தின்றார்கள். இரண்டாம் நாள் சீனித் தண்ணீர். வெள்ளம் புகுந்தபோது மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு மேட்டுக்கு ஓடிய கணவன் விமலன் தகரத்தை மிதித்துவிட்டான். கிழிந்த பாதத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு காய்ச்சலோடு கட்டிலில் கிடந்தான். தோட்டத்தை வெளியுலகத்தோடு சேர்த்த மரப்பாலத்தை ஆறு முதல் நாளே கொண்டுபோய்விட்டது. அக்கரைக்குப் படகுகள் வந்து போகிற சத்தம் கேட்டது. இந்தப் பக்கம் ஒன்றும் திரும்பவில்லை.

"இருசக்கா போன்ல இன்னும் கொஞ்சம் உயிர் இருக்காம்," என்றான் விமலன். "மேட்டுத் தண்ணித் தொட்டிகிட்ட போனா லைன் கிடைக்கும்லா. போய்ப் பாரு."

பக்கத்து வீட்டு இருசம்மாளிடம் இருந்தது பழைய பட்டன் போன். மற்றவர்களின் போன்களெல்லாம் நனைந்தோ சார்ஜ் இறங்கியோ செத்திருந்தன. இரண்டு பெண்களும் வழுக்கும் செம்மண்ணில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு மேடேறினார்கள். வெறும் வயிற்றில் ஏறியதில் மோகனாவுக்குக் கண் இருட்டியது. தொட்டியின் நிழலில் நின்று பார்த்தால் போனில் இரண்டு கோடு.

முதலில் வெள்ள உதவி எண்ணுக்கு அடித்தாள். எடுத்தவர் மலாயில் தன்மையாகத்தான் பேசினார். தோட்டத்தின் பெயரைக் கேட்டுவிட்டு எதையோ புரட்டினார். அந்தத் தோட்டம் கைமாறிவிட்டது, அங்கே ஆள் யாரும் குடியில்லை என்று பட்டியலில் இருப்பதாகச் சொன்னார்.

"நான் ஆள்தானே, பேசிக்கிட்டுத்தானே இருக்கேன்," என்றாள் மோகனா, அவளும் மலாயில். மேலிடத்தில் சொல்வதாகச் சொல்லி அவர் வைத்துவிட்டார்.

போன் ஒருமுறை கீச்சென்றது. சார்ஜ் தீரப்போகிறது.

"வேற யார் நம்பர்டீ தெரியும் ஒனக்கு?" என்று கேட்டாள் இருசம்மாள்.

எதுவும் தெரியாது. எல்லா எண்களும் செத்துப்போன போனுக்குள் இருந்தன. மோகனா தலையில் கை வைத்தபோது, இருசம்மாள் அவள் தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்தினாள்.

"ஒன் முதுகுல ஒரு நம்பர் எழுதியிருக்கே."

மோகனா போட்டிருந்தது கணேஸ்வரன் கொடுத்த கறுப்பு டீசட்டை. மலாக்காவில் கல்யாண வீடுகளுக்குச் சமைத்துக் கொடுப்பவர் அவர். சனி, ஞாயிறுகளில் அவரிடம்தான் மோகனா காய் நறுக்கப் போவாள். சட்டையின் முதுகில் அவர் பெயரும் போன் நம்பரும் பெரிய மஞ்சள் எழுத்தில் அச்சடித்திருக்கும். இருசம்மாள் ஒவ்வொரு எண்ணாகப் படிக்க, மோகனா அழுத்தினாள்.

எடுத்த உடனே வசவு. "எங்கம்மா போயிட்ட? இன்னிக்குக் கல்யாணத்துக்கு வரேன்னு சொன்னியா இல்லயா? ரெண்டு நாளா போன் அடிக்கிறேன்."

"அண்ணே, பாலம் போச்சு. ரெண்டு நாளா இங்க யாரும் சாப்பிடல."

பாத்திரங்கள் மோதும் ஒலிக்கு நடுவே அவர் குரல் மாறியது.

"எத்தன பேரு?"

"இருபத்தாறு."

"ஆத்தங்கரை வரைக்கும் லோரி வருமா?"

"கோயில் பக்கமா சுத்தி வந்தா வரும். அந்த ரோடு மேடு, தண்ணி ஏறல."

"இங்க முந்நூறு பேருக்கு ஆக்கி வெச்சிருக்கேன். மாப்பிள வீட்டாளுங்க ஜொகூர்லேருந்தும் சுங்கை ரம்பாய்லேருந்தும் வரணும். ரோடெல்லாம் அடைச்சிருக்கு, பாதி மண்டபம் காலி. இரு, பொண்ணோட அப்பாகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு..."

போன் அணைந்தது. இருசம்மாள் அதைத் தட்டினாள், உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தாள். பிரயோசனமில்லை.

"வரேன்னு சொன்னாரா, வரலன்னு சொன்னாரா?"

"கேட்டுட்டுன்னாரு. அதுக்குள்ள செத்துடுச்சு."

இறங்கும்போது இருசம்மாள் மெல்லக் கேட்டாள். "நாம பதினஞ்சு பேருதானே? எதுக்கு இருபத்தாறுன்ன?"

"கொங்சியில பதினோரு பேரு இருக்காங்கல்ல?"

தோட்டத்தில் வேலை செய்த வங்காளதேசத்து ஆட்கள் தங்கியிருந்த பலகைக் கொட்டகைதான் கொங்சி. அவர்களில் பாதிப் பேருக்குப் பெர்மிட் முடிந்திருந்தது.

"அவங்களுக்கும் சேத்துக் கேட்டா நமக்கே பத்தாமப் போயிடும்டீ."

"நேத்து கடைசி ரொட்டி பாக்கெட்ட அவங்க யாருக்குக்கா குடுத்தாங்க? நம்ம புள்ளைங்களுக்குத்தானே? அவங்க பட்டினி, நம்மகிட்ட மூச்சு விடல."

கொங்சியைத் தாண்டும்போது இருசம்மாளே நின்று, "டேய் ரஹீம், எல்லாரும் ஆத்தங்கரைக்கு வாங்க, சாப்பாடு வருது," என்று குரல் கொடுத்தாள். வரும் என்று மோகனாகூட அவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்க மாட்டாள்.

ஆற்றங்கரையில் எல்லாரும் கூடிவிட்டார்கள். விமலனும் குச்சியை ஊன்றி நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். உடைந்த பாலத்தின் கால்கள் இரண்டு தண்ணீருக்கு மேல் துருத்திக்கொண்டிருந்தன. நாற்பதடி அகலத்துக்கு ஆறு பழுப்பு நிறத்தில் சுழித்து ஓடியது. ஒரு மணி நேரம் போனது. இன்னொரு மணி நேரமும் போனது. கைப்பிள்ளை ஒன்று அழுது அழுது தூங்கிவிட்டது. பார்க்கிறவர்களின் கண்ணைத் தவிர்க்க மோகனா ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டு மணி வாக்கில் ஹாரன் கேட்டது. செம்பனைகளுக்கு நடுவே நீல நிற லோரி ஆடி ஆடி வந்தது. முன்கண்ணாடியில் கல்யாண ரிப்பன்கூட அவிழ்க்காமல் இருந்தது. ஷாமினி எழுந்து குதித்தாள். ரஹீமின் ஆட்கள் மட்டும் லோரியைக் கண்டதும் மரங்களுக்குப் பின்னால் ஒதுங்கினார்கள்.

"போலீஸ் இல்ல ரஹீம், சமையல்கார அண்ணன்," என்று மோகனா கத்தினாள். "வெளிய வாங்க."

கணேஸ்வரன் வேட்டியை மடித்துக் கட்டியபடி இறங்கினார். கூட அவர் ஆட்கள் இரண்டு பேர். லோரியின் பின்கதவு திறந்ததும் சாம்பார் வாசனை ஆற்றைக் கடந்து வந்தது.

"பொண்ணோட அப்பாவே ஏத்தி அனுப்பிட்டாரு. சோறு இருக்கு, சாம்பார் இருக்கு, கூட்டு, வடை, பாயாசம் எல்லாம் இருக்கு," என்று கைகளைக் குவித்துக் கத்தினார் கணேஸ்வரன். "எப்படிம்மா அந்தப் பக்கம் கொண்டாறது?"

அவருடைய ஆள் ஒருவன் வடைகளைப் பையில் கட்டி ஓங்கி வீசினான். பை முக்கால் தூரம் வந்து தண்ணீரில் விழுந்தது. வடைகள் பிரிந்து, ஒன்றன்பின் ஒன்றாகச் சுழன்று மிதந்து போயின. ஷாமினி கரையோரமாகவே அவற்றின் கூட ஓடினாள். மோகனா பாய்ந்து அவள் சட்டையைப் பிடித்து இழுத்தாள். இரண்டாவது பையும் தண்ணீருக்கே போனது.

"இனிமே வீசாதீங்கண்ணே," என்று கத்தினாள் மோகனா. அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "கயிறு இருக்கா?"

"அண்டா கட்டுற கயிறு இருக்கு, நெறைய இருக்கு."

கயிற்று நுனியில் கல்லைக் கட்டி வீசினார்கள். அதுவும் பத்தடி குறைந்தது. அப்போதுதான் மோகனா விமலனைத் திரும்பிப் பார்த்தாள். விமலனும் அவளைப் பார்த்தான். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில்தான் தோன்றியிருக்க வேண்டும்.

"குலை வெட்டுற கழி," என்றான் அவன்.

உயரமான செம்பனையில் குலை அறுக்க, நுனியில் அரிவாள் மாட்டிய அலுமினியக் கழி வைத்திருப்பார்கள். இருபதடிக்கு மேல் நீளும். ரஹீமும் இன்னும் மூன்று பேரும் கொங்சிக்கு ஓடி இரண்டு கழிகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். விமலன் தரையில் உட்கார்ந்தபடியே இரண்டையும் சேர்த்து ரப்பர் வாரால் இறுக்கிக் கட்டினான். ஐந்து பேர் அடியைப் பிடிக்க, கழி ஆற்றுக்கு மேலே நீண்டது. அதன் நுனி வளைந்து தண்ணீரைத் தொட்டதும் வெள்ளம் அதைப் பறித்தது. ஐந்து பேரும் சேற்றில் சறுக்கினார்கள்.

"விடாதீங்க, விடாதீங்க," என்று இருசம்மாளும் போய்ப் பிடித்தாள்.

கணேஸ்வரனின் ஆள் மறுபடி கயிற்றை வீசினான். அரிவாளுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. அடுத்த முறை அரிவாளில் பட்டு வழுக்கியது. மூன்றாவது முறை கயிறு வளைந்து வந்து விழ, ரஹீம் கழியை ஒரு திருகு திருகினான். குலையை இழுக்கிற அதே திருகு. கயிறு மாட்டிக்கொண்டது. கரை முழுக்கக் கூச்சல்.

அதன் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. கயிற்றின் இந்த முனையை ஒரு செம்பனையின் அடியில் கட்டினார்கள். அந்த முனையை லோரியின் கூரைக் கம்பியில் கட்டியதால் சரிவு கிடைத்தது. இழுப்பதற்கு இன்னொரு கயிற்றையும் அதே வழியில் இக்கரைக்கு வரவழைத்தார்கள். முதலில் ஒரு வாளி நிறையச் சோற்றைக் கொக்கியில் மாட்டி விட்டார்கள். நடு ஆற்றில் கயிறு தொய்ந்து வாளியின் அடி தண்ணீரில் உரசியது. "இழு, இழு," என்று ஆளாளுக்குக் கத்த, வாளி ஆடிக்கொண்டே ஏறி வந்தது. அவள் அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். இன்னும் சூடாக இருந்தது.

முதல் கைகள் பிள்ளைகளுடையவை. பிறகு கைப்பிள்ளைக்காரி. அடுத்த வாளி சாம்பார் வந்தபோது இருசம்மாள் கரண்டியைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள். வாழையிலை அறுத்து வந்து பரப்பினார்கள். ரஹீம் பின்னால் நின்றான். "அங்க என்ன வேடிக்க, வந்து உக்காருலா," என்று அவன் தோளை அழுத்தி உட்கார வைத்து, சோற்றில் குழி பறித்து சாம்பார் ஊற்றினாள் இருசம்மாள்.

கடைசியாகப் பாயாசம் வந்தது. பாதி ஆற்றில் தளும்பிப் போனாலும் மீதி பத்திரமாகச் சேர்ந்தது. சேற்றுக்கு நடுவே உட்கார்ந்து, முந்திரிப் பருப்பை விரலால் தேடி எடுத்துத் தின்றாள் ஷாமினி. விமலன் இலையை வழித்துவிட்டு, "பொண்ணு மாப்பிள பேரென்னண்ணே?" என்று அக்கரைக்குக் கேட்டான்.

"தேவிஸ்ரீ, நிவேந்திரன்," என்று பதில் வந்தது.

"நல்லா இருக்கட்டும்," என்று இக்கரையில் இருபத்தாறு பேரும் ஆளுக்கொரு குரலில் சொன்னார்கள். மோகனா அதற்குப் பிறகுதான் சாப்பிட உட்கார்ந்தாள். இலை காலியாகும் வரை அவள் தலை நிமிரவே இல்லை.

கணேஸ்வரன் எடுத்த வீடியோ அன்று சாயங்காலத்துக்குள் மலாக்கா முழுக்கச் சுற்றிவிட்டது. மறுநாள் காலை எட்டு மணிக்கெல்லாம் மீட்புப் படகு வந்தது. அதில் வந்த அதிகாரி பெயர்களை எழுதினார். பதினைந்தோடு நிறுத்தப் போனவரை மோகனா விடவில்லை.

"இன்னும் பதினோரு பேரு இருக்காங்க. அவங்களுக்கும் வயிறு இருக்கு," என்றாள்.

கொங்சி ஆட்கள் ஒதுங்கி நின்ற மரங்களின் பக்கம் அவர் ஒருமுறை பார்த்தார். இன்றைக்குத் தன்னிடம் சாப்பாட்டுப் பட்டியல் மட்டும்தான் இருக்கிறது, வேறு எதையும் கேட்கப் போவதில்லை என்று சொல்லி இருபத்தாறு என்று எழுதிக்கொண்டார். விமலனைப் படகில் ஏற்றி கிளினிக்குக்கு அனுப்பினார்கள். ஷாமினியும் அப்பாவின் கூடப் போனாள்.

அக்கரையில் கணேஸ்வரனின் லோரி மறுபடி வந்து நின்றது.

"ஏய் மோகனா, சுங்கை ரம்பாய் பக்கம் இன்னும் மோசமாம். ஸ்கூல்ல ஆயிரம் பேருக்கு மேல உக்காந்திருக்காங்களாம். சாமான் வந்து குவியுது, ஆக்குறதுக்குக் கை பத்தல. வரியா?"

"நீ போ," என்றாள் இருசம்மாள். "வீட்ட நான் கழுவி வைக்கிறேன்."

மோகனா திரும்பி வந்த படகில் ஏறி அக்கரை இறங்கினாள். லோரியில் ஏறி கணேஸ்வரனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கால் சேற்றை உதறிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"வெங்காயம் உரிச்சாச்சாண்ணே?" என்று கேட்டாள்.

"எங்க உரிச்சாங்க? அஞ்சு மூட்ட அப்படியே கிடக்கு."

"அப்ப சீக்கிரம் ஓட்டுங்க."