பெரியப்பாவின் காகிதங்கள்

பிணவறைக் குமாஸ்தாவின் மேசைமேல் மகள் காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். கப்பல் ஏறுவதற்குக் கொடுத்த சீட்டு, சலவை ஆலையின் அடையாள அட்டை, கல்யாணப் பதிவு, குடியுரிமைத் தாள். நான்கிலும் ஒரே பெயர். அது காலையில் இறந்துபோன அப்பாவின் பெயர் இல்லை. அவருடைய அண்ணன் பெயர்.

வேலைக்கு ஆள் எடுத்தவர்கள் அண்ணனுக்குத்தான் காகிதம் கொடுத்தார்கள். கப்பலுக்கு ஒன்பது நாள் இருக்கையில் அண்ணன் காய்ச்சலில் போய்விட்டார். அழுது முடிப்பதற்குள் வீட்டார் தம்பியை அந்தக் காகிதத்தோடு அனுப்பிவிட்டார்கள்.

நேற்று மத்தியானம்தான் அப்பா இதை மகளிடம் சொன்னார். “போறப்பவாவது என் பேருல போறேன் பாப்பா” என்றார். அவளும் தலையாட்டிவிட்டாள்.

குமாஸ்தா சீட்டை விளக்கருகே பிடித்தார். “அடையாளம், இடது புருவத்துல வெட்டுத் தழும்பு. ஏம்மா, உள்ளே உடம்பைப் பாத்தவங்க ரெண்டு புருவத்துலயும் இருக்குன்னு எழுதியிருக்காங்களே?”

அம்மா முந்திக்கொண்டாள். “ஒண்ணு மிஷின்ல இடிச்சுக்கிட்டதுங்க. சொன்னா கேக்குற மனுசனா அவரு?”

குமாஸ்தா சிரித்தார்.

கப்பல் ஏறுவதற்கு முன் அண்ணனின் படத்தை முகக்கண்ணாடியில் செருகி, தழும்பு தெரிந்த பக்கத்திலேயே சவரக்கத்தியால் புருவத்தைக் கீறிக்கொண்டார் அப்பா. படத்தில் பக்கம் மாறித் தெரியும் என்று அவருக்குத் தோன்றவில்லை. சீட்டைப் படிக்கவும் தெரியாது. கப்பலில் ஒருவர் படித்துச் சொன்ன பிறகு மற்ற புருவத்தையும் கீறிக்கொண்டார். பிறகு நாற்பத்தாறு வருடம், எந்த மேசைக்கு முன்னால் நின்றாலும் அவர் தலை நிமிர்ந்ததில்லை. ஆலையில் அவரைப் பணிவான ஆள் என்றார்கள்.

“சார், இந்தப் பேரு...” என்று மகள் ஆரம்பித்தாள்.

அம்மா அவள் முழங்கையை இறுக்கிப் பிடித்துச் சுவரோரம் இழுத்தாள். “வாயை மூடுடி. உன் குடியுரிமை, உன் தம்பி வேலை, எல்லாம் அந்தத் தாள்மேலதான் நிக்குது. போனவரு போயிட்டாரு. இருக்கறவங்களையும் கப்பல் ஏத்தி விடப் பாக்குறியா?”

“என்னம்மா, பேரு சரிதானே?” என்றார் குமாஸ்தா.

மகள் மேசைக்குத் திரும்பினாள். “சரிதான் சார்.”

கையெழுத்துப் போட்டாள்.

“இறந்தவரோட கூடப் பிறந்தவங்க?”

“ஒரு தம்பி.”

அம்மா தரையைப் பார்த்தாள்.

“தம்பி பேரு?”

மகள் அப்பாவின் பெயரைச் சொன்னாள். சத்தமாகவே சொன்னாள். குமாஸ்தா எழுதினார்.

“எங்கே இருக்காரு? தகவல் சொல்லியாச்சா?”

மகள் காகிதங்களை அடுக்கத் தொடங்கினாள்.

“இருக்காரா இல்லையாம்மா?”

“இல்லைங்க.”

“அப்ப வேண்டாம். உயிரோட இருக்கறவங்க மட்டும் போதும்.”

குமாஸ்தா அளவுகோலை வைத்து, எழுதிய பெயரின்மேல் ஒரு கோடு இழுத்தார். மை காய்வதற்காக இரண்டு தரம் ஊதினார்.