சைலன்சர் கழற்றிய கார்

நன்றி சொல்ல எனக்கு அவ்வளவு சீக்கிரம் வாய் வராது. திட்டுவதற்கென்றால் முந்திக்கொண்டு வரும். அந்தச் சிவப்புக் காரை மூன்று மாதம் வாய்க்கு வந்தபடி திட்டியவள் நான். அதனால் இதைச் சொல்ல வேண்டியவளும் நான்தான்.

என் வீட்டுக்காரர் பழனிமுத்து மாத்தளையிலிருந்து அலுவிகாரைக்குப் போகும் பெரிய ரோட்டோரம் வெல்டிங் கராஜ் வைத்திருந்தார். அதற்குப் பின்னால் எங்கள் வீடு, வீட்டுக்குப் பின்னால் கொக்கோத் தோட்டம். எண்பத்து மூன்றாம் வருடம் சித்திரை வருடப் பிறப்பு முடிந்த கையோடு சேனக மாத்தயா, நம் பேச்சில் சேனக ஐயா, ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டிக்கொண்டு வந்து நின்றார். அலுவிகாரையில் மிளகு ஸ்டோர் வைத்திருந்த சிங்களக் குடும்பத்துப் பிள்ளை. இரண்டு பேர் மட்டுமே உட்காரக்கூடிய கார். ஓட்டம் நன்றாக இருக்கிறதாம், சத்தம்தான் போதவில்லையாம். காசு கொடுத்துச் சத்தம் வாங்குகிற ஆளை அன்றுதான் பார்த்தேன்.

என் வீட்டுக்காரருக்கு அந்த மாதிரி வேலை கிடைத்தால் சோறு தண்ணி வேண்டாம். சைலன்சரை அறுத்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நேர்க்குழாய் ஒன்றைப் பற்றவைத்தார். மாட்டிப் பார்ப்பதும் கழற்றுவதுமாக நாலு நாள் போயிற்று. ஐந்தாம் நாள் கார் உறுமிய உறுமலில் எங்கள் அலுமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. அதோடு விட்டதா? ஒரு மூட்டில் ஊசித்துளை அளவுக்கு வெல்டிங் விட்டுப்போயிருந்தது. வேகமாக வந்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் குழாய் டப், டப், டப் என்று மூன்று தரம் வெடிக்கும். இவர் அதை அடைக்கப் போனார். அதுதான் ருசியே என்று சேனக மாத்தயா தடுத்துவிட்டார்.

எட்டு மாதக் குழந்தை தவமணிக்குத்தான் அது ஆகவே ஆகாது. லொறி போனாலும் பஸ் போனாலும் அசையாமல் தூங்குகிறவள், இந்தக் கார் எங்கள் வீட்டுக்குக் கிட்டே இருக்கிற மதகடியில் வெடித்தால் போதும், வீரிட்டு அழுவாள். ஒரு நாள் பொறுக்க முடியாமல் நானே ரோட்டுக்குப் போய், உங்கள் வீட்டில் பிள்ளை குட்டி கிடையாதா என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்டுவிட்டேன். மனிதருக்கு முகம் சுண்டிப்போயிற்று. அடுத்த வாரமே பழைய சைலன்சரை மாட்டிக்கொள்வதாக வாக்குக் கொடுத்தார். அந்த அடுத்த வாரம்தான் ஆடிக் கலவரம் வந்தது.

காலையில் இவர் அலுவிகாரைப் பக்கம் கேட் வேலை ஒன்றுக்கு அளவெடுக்கப் போயிருந்தார். பத்து மணிக்கு டவுன் பக்கம் புகை எழும்பியது. அடுத்த வீட்டுக் கிருஷ்ணம்மா மகளை இழுத்துக்கொண்டு ஓடி வந்தாள். நானும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவர்களோடு கொக்கோத் தோட்டத்துக்குள் இறங்கிவிட்டேன். சற்று நேரத்தில் கராஜ் எரிகிற வாடை வந்தது. இவர் உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியவில்லை. குழந்தை முனகும்போதெல்லாம் வாயைப் பொத்திப் பொத்திக் கை மரத்துப்போயிற்று. ரோட்டில் ஒரு வான் வந்து நின்றது. வெளியே வாருங்கள், கேம்புக்குக் கூட்டிப் போகிறோம் என்று யாரோ தமிழில் கூப்பிட்டார்கள். கிருஷ்ணம்மா எழுந்தாள். நான் இழுத்து உட்கார வைத்தேன். கொஞ்ச நேரத்தில் அந்த வானிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

மூன்று மணி இருக்கும். அலுவிகாரைப் பக்கமிருந்து ஓர் உறுமல் வந்தது. மதகடியில் டப், டப், டப். சுடுகிறார்கள் என்று கிருஷ்ணம்மா மகளை அணைத்துக்கொண்டு தரையோடு படுத்துவிட்டாள். அதன் பிறகு எஞ்சின் நின்றது. ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. மறுபடி கிளம்பிப் போனது, திரும்பி வந்தது, அதே மதகில் வெடித்தது, அதே போல நின்றது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. நடு ரோட்டில் நின்று தமிழ்ப் பெயரைச் சொல்லிக் கூப்பிட முடியாத மனிதர், காரை வைத்துக் கூப்பிடுகிறார். கூப்பிட்டுவிட்டுக் காது கொடுத்துக் கேட்கிறார்.

மூன்றாம் தரம் வெடித்தபோது தவமணி உடம்பை முறுக்கிக்கொண்டு அழ வந்தாள். என் கை அவள் வாயில் இருந்தது.

"கைய எடுத்துறாத சுந்தரம்மா. எல்லாரும் செத்தோம்" என்றாள் கிருஷ்ணம்மா.

நான் நினைத்தது தப்பாக இருந்தால் நாலு உயிர். காரை யாராவது பிடுங்கி ஓட்டி வந்திருந்தால்? ரோட்டில் எஞ்சின் நின்றது.

கையை எடுத்தேன்.

தோட்டம் முழுக்கக் கேட்கும்படி அழுதாள் என் மகள். கொக்கோச் சருகை மிதித்துக்கொண்டு ஓடி வந்தவர் சேனக மாத்தயாதான்.

"பழனிமுத்து நம்ம ஸ்டோர்ல இருக்கு, பயம் வேணாம்" என்றார் அவருக்குத் தெரிந்த தமிழில். "அவர்தான் சொன்னது. பேர் சொன்னா சுந்தரம்மா வராது, மதகுல கால் எடுங்க, பாப்பா அழும் சொல்லி."

இரண்டு பேர் காரில் அன்று ஐந்து பேர். கான்வாஸ் கூரையை இழுத்து மூடி, எங்களைக் குனிய வைத்து, மேலே மிளகுச் சாக்கைப் போர்த்தினார். வழியில் ஒரு கூட்டம் நின்றது. தெரிந்த கார் என்று ஒதுங்கி வழி விட்டார்கள். தவமணி வழி முழுக்க அழுதாள். அந்தக் குழாய் போட்ட சத்தத்தில் அது ஒருத்தர் காதிலும் விழவில்லை.

ஸ்டோர் வாசலில் இவரைப் பார்த்ததும், அந்த ஊசித்துளையை அடைக்காமல் விட்ட கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

ஐப்பசியில் எரிந்த கராஜுக்குத் தகரம் போட்டோம். சாம்பலில் கிடந்த பழைய சைலன்சரை இவர் தேய்த்துத் துடைத்து வைத்தார். கொடுத்த வாக்கின்படி சேனக மாத்தயா வந்தார். பாப்பா எழும்பிவிடும் என்று மதகடியிலேயே எஞ்சினை நிறுத்திவிட்டு, காரைக் கையால் தள்ளிக்கொண்டு வந்தார். வெயிலில் முகமெல்லாம் வியர்த்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"சைலன்சர் வேணாம் மாத்தயா" என்றேன். "ஸ்டார்ட் பண்ணிக்கிட்டே வாங்க."

அவர் இவரைப் பார்த்தார். இவர் சிரித்துக்கொண்டே சைலன்சரை ஓரமாக வைத்தார். கார் உறுமியது. உள்ளே தவமணி வீரிட்டாள். நான் ஓடிப்போய்த் தூக்கவில்லை. கொஞ்சம் அழட்டும் என்று வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.